உரிமத்தில் 2026 வரை தேதி இருக்கிறது. இறந்த அப்பாவின் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கலாமா?

கேள்வி: 11 செப்டம்பர் 2023

அப்பா ஆடி மாதக் கடைசியில் காலமானார். பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம். அவர் பெயரில் 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மர அலமாரியில் பூட்டியபடியே இருக்கிறது. உரிமப் புத்தகத்தில் 2026 வரை புதுப்பித்த முத்திரை உள்ளது. "அதுவரை யாரும் கேட்க மாட்டார்கள், பிறகு நிதானமாகப் பெயர் மாற்றிக்கொள்" என்கிறார் சித்தப்பா. உயிலிலும் துப்பாக்கி எனக்கு என்று அப்பா எழுதியிருக்கிறார். சித்தப்பா சொல்வது சரிதானே?

11 செப்டம்பர் 2023, இரவு

சரியில்லை, தம்பி. நாளைக் காலை முதல் வேலையாக உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்குப் போங்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இறப்புச் சான்றிதழின் நகல், உரிமப் புத்தகத்தின் நகல், "இன்னார் காலமாகிவிட்டார், அவருடைய ஆயுதத்தை ஒப்படைக்க விரும்புகிறோம்" என்று ஒரு கடிதம், இவை போதும். அவர்கள் சொல்லும் விதத்தில் பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

12 செப்டம்பர் 2023

நானும் உங்கள் மலைக்காரிதான். தாண்டிக்குடிக்குக் கீழே மிளகும் காப்பியும் போட்டிருக்கிறோம். இந்த வருடத் தொடக்கத்தில் என் கணவர் காலமானார். அவர் பெயரில் இருந்த துப்பாக்கிக்காக நானே இப்போது மனுவும் கையுமாக அலைந்துகொண்டிருக்கிறேன். அதனால் கேள்விப்பட்டதை எழுதவில்லை, நடந்துகொண்டிருப்பதை எழுதுகிறேன்.

உரிமம் என்பது அந்த மனிதருக்குக் கொடுத்தது. அவர் போன அன்றே அதன் உயிரும் போய்விட்டது. புத்தகத்தில் 2026 என்று இருப்பது அவர் உயிரோடு இருந்திருந்தால் என்ற கணக்கு. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்தக் காரணத்தினாலாவது ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், வீண் தாமதம் இல்லாமல் அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. "வீண் தாமதம் இல்லாமல்" என்பதற்கு நாள் கணக்கு ஏதும் அதில் இல்லை. காரியம் முடிந்த கையோடு போய்விடுவதுதான் பாதுகாப்பு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. சித்தப்பாவிடம் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

உயில் விஷயம். உயில் சொத்தைத்தான் உங்களுக்குத் தரும். அதைக் கையில் வைத்திருக்கும் அனுமதியை அரசுதான் தர வேண்டும். இரண்டும் தனித்தனி. துப்பாக்கி உங்களுடையதாகவே இருக்கலாம், ஆனாலும் அதை வீட்டில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லாமலும் இருக்கலாம். இன்றைய நிலையில் நீங்களும் நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறோம்.

12 செப்டம்பர் 2023, மாலை

ஒப்படைப்பதற்கு முன் செய்ய வேண்டியது. துப்பாக்கியைப் பல கோணங்களில் படம் எடுங்கள். தயாரித்தவர் பெயர், குழலின் அடியில் இருக்கும் எண், கட்டையில் உள்ள கீறல் வரைக்கும் எழுதி வையுங்கள். தோட்டாக்களை எண்ணுங்கள். தோட்டாவும் ஒப்படைக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சக்திமான் மார்க் தோட்டாக்கள் இருந்தன, பெரிய குண்டு எல்.ஜி.யும் சிறிய குண்டு நாலாம் நம்பரும் கலந்து. மலை ஈரத்தில் பித்தளை அடிப்பகுதி பச்சை பூத்துவிட்டிருந்தது. "இது எதற்கு ஆகும், தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்று கணக்குப்பிள்ளை சொன்னார். போடவே கூடாது. எண்ணி, ரசீதில் எழுத வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

20 செப்டம்பர் 2023

ஒப்படைத்துவிட்டேன் என்று தம்பி எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறது. ரசீதில் "ஒரு துப்பாக்கி" என்று மட்டும் எழுதித் தந்தார்கள் என்கிறீர்களே, அதை ஏற்காதீர்கள். திரும்பப் போய் எண், தயாரிப்பு, தோட்டா எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். பணிவாகக் கேட்டால் எழுதித் தருவார்கள். பின்னால் வரும் ஒவ்வொரு மனுவிலும் அந்த ரசீதின் நகலை வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொருவர், "பெயர் மாற்றம்தானே, ஒரு மனு கொடுத்தால் முடிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார். பட்டா மாறுதல் போல இதை நினைப்பதால்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். பழைய உரிமத்தில் பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. வாரிசுக்குப் புதிதாக உரிமம் தருகிறார்கள், அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளில் 25ஆவது விதி வாரிசுக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு உள்ள எல்லாச் சோதனையும் வாரிசுக்கும் உண்டு: 21 வயது, காவல் துறை அறிக்கை, உடல் நலமும் மன நலமும் குறித்த மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, கையாளும் பயிற்சி. வாரிசு என்பதற்காகக் கேட்டவுடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

8 அக்டோபர் 2023

கையெழுத்துகள் பற்றி.

வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ, மனு போடுபவர் தவிர அத்தனை பேரும் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தர வேண்டும். அதோடு மனுதாரர் ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் இழப்போ வழக்கோ வந்தால் நானே பொறுப்பு என்ற உறுதி) ஒன்றும் தர வேண்டும், துப்பாக்கியின் முழு விவரத்தோடு. எங்கள் சான்றிதழில் நான், மகன், மகள், மாமியார். மகனைக் கொண்டாட்டமாகச் சம்மதிக்க வைத்தேன் என்று சொல்ல முடியாது. "எதற்கம்மா இது, விற்றுவிடுங்கள்" என்றான். மகள் கனடாவில் இருக்கிறாள். அவள் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினாள்.

அத்தையிடம் கேட்டதுதான் கடினம். வாசற்படியில் உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார். காகிதத்தை நீட்டியதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "முழுவதும் படி" என்றார். படித்தேன். "காலஞ்சென்ற என் மகன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "எனக்கு ஆட்சேபணை இருந்ததெல்லாம் வேறு விஷயத்தில். அதை யாரிடம் எழுதிக் கொடுப்பது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மிளகை ஆய்வதில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் காகிதத்தை அவசரத்தில் நீட்டாதீர்கள். நல்ல நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனின் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டு மனு போட்டால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

9 அக்டோபர் 2023

"பெண்ணுக்கு எதற்குத் துப்பாக்கி?" என்று கேட்டவருக்கு: தோட்டத்தில் தனியாக இருப்பது நான். சட்டம் ஆண், பெண் என்று எங்கும் பிரிக்கவில்லை. காரணம் கேட்டால் அதிகாரியிடம் சொல்வேன்.

21 நவம்பர் 2023

எண் விவகாரம். இதைப் படிக்கும் எல்லோரும் இன்றைக்கே சரிபார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், உரிமம் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே.

என் கணவரின் உரிமப் புத்தகத்தில் எண்ணின் கடைசி இலக்கம் 3. துப்பாக்கியில் 8. அந்தக் காலத்தில் யாரோ ஓர் எழுத்தர் மைப் பேனாவில் எழுதியது. அதைப் பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு புதுப்பித்தலிலும் 3 என்றே நகலெடுத்திருக்கிறார்கள். துப்பாக்கியைக் கீலில் மடக்கி ஒடித்துத் திறந்து, முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் எண் தெரியும். பழைய எண்ணெய் களிம்பாக உறைந்து 8-இன் இடப்பக்கத்தை மூடியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் முழு வட்டம் வந்தது. அலுவலகத்தின் பார்வையில் இது சாதாரணப் பிழை கிடையாது. புத்தகத்தில் உள்ள துப்பாக்கி ஒன்று, நிலையத்தில் உள்ள துப்பாக்கி இன்னொன்று என்றாகிவிடுகிறது. "அப்படியானால் அந்த 3 எங்கே?" என்று கேட்டார்கள். பழைய கொள்முதல் ரசீதை மாமாவின் காலத்து டிரங்குப் பெட்டியில் தேடி எடுத்துக் காட்டிய பிறகே திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

கொள்முதல் ரசீதுகளை எறியாதீர்கள். மஞ்சளாகி உதிர்ந்தாலும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.

17 ஜனவரி 2024

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் நிறைய கேள்விகள். ஒவ்வொன்றாக.

"பரம்பரைத் துப்பாக்கிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை" என்பது தவறு. முன்பு ஒருவர் 3 வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 2 ஆக்கியது. பரம்பரையாக வந்தாலும் அந்த 2-க்குள்தான். அதிகமாக வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஏற்கெனவே 2 வைத்திருக்கும் மகனுக்கு அப்பாவின் துப்பாக்கி வராது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதிவிலக்கு உண்டு. அது நம்மில் பலருக்குப் பொருந்தாது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானதும் அதே திருத்தத்தில்தான்.

"தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி சுவரில் தொங்குகிறது, பழம்பொருள்தானே" என்று ஒருவர். நன்றாகக் கவனியுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருக்க வேண்டுமானால், பழைய வகை என்றாலும் பழுதானது என்றாலும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக அது இருக்க வேண்டும் என்கிறது படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. கரிமருந்து இடித்துப் போட்டால் வெடிக்கும் என்றால் அது துப்பாக்கிதான், எத்தனை வயதானாலும். நீங்களே முடிவு செய்யாமல் எழுதிக் கேளுங்கள்.

".303 ரைபிள், ராணுவத்தில் இருந்த பெரியப்பாவுடையது" என்பவருக்கு: அது தடை செய்யப்பட்ட வகை. மாவட்ட ஆட்சியர் அளவில் தீராது, மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். ஒப்படைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

18 ஜனவரி 2024

காவல் நிலையம் என்று முதலில் எழுதியிருந்தேன். அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் நாள் ஒப்படைக்க நிலையம் சரி. ஆனால் மாதக்கணக்கில் இருக்கப் போகிறது என்றால், எழுத்தில் அனுமதி வாங்கி, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் மாற்றிவிடுவது துப்பாக்கிக்கு நல்லது. மாத வாடகை உண்டு. நிலையத்துக் கிடங்கில் என்னுடையதைச் சாக்கு சுற்றி மூலையில் சாய்த்து வைத்ததில் குழலின் வாய்ப்பக்கம் துரு ஏறியிருந்தது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. எண்ணெய் துடைக்க யாருக்கு நேரம்?

ஒப்படைத்துவிட்டோமே என்று மறந்தும் போகாதீர்கள். விதியில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால் மாவட்ட நடுவரின் (ஆட்சியரின்) ஆணையால் அது அரசுடைமை ஆகிவிடும். "என் மனு நிலுவையில் இருக்கிறது" என்று அவ்வப்போது ஒரு கடிதம் போட்டு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

3 பிப்ரவரி 2024

வனத்துறை. மலைக்காரர்கள் மட்டும் படித்தால் போதும்.

என் கோப்பு வருவாய்த் துறையிலும் காவல் துறையிலும் தடங்கல் இல்லாமல் நகர்ந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார், தனிப்பிரிவுக் காவலர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். பிறகு நின்றது. காரணம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. என் கணவர் உரிமம் வாங்கிய காலத்தில் அந்தச் சரணாலயமே கிடையாது. புது உரிமம் என்பதால் எனக்கு அது வந்து சேர்ந்தது. வாரிசுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். காட்டுமாடும் யானையும் நடமாடும் இடத்தில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று கேட்க ஒருவர் வேண்டும்.

துப்பாக்கி உரிமம் இருந்தால் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று எங்கள் ஊரிலேயே பலர் நம்புகிறார்கள். பயிரை அழித்தாலும் அதிகாரம் பெற்ற வன அதிகாரியின் ஆணை இல்லாமல் சுட முடியாது. மனுவில் காரணம் எழுதும்போது "பன்றி சுட" என்று எழுதிவிடாதீர்கள், அது குற்றத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதாகிவிடும். என் மனுவில் தனியாக உள்ள தோட்ட வீடு, தற்காப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

18 மார்ச் 2024

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. உரிமம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் துணி சுற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போய் வருகிறார்கள். என்னுடையது ஏற்கெனவே விற்பனையாளரிடம். ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் தேர்தல் வேலையில். ஜூன் 4 எண்ணிக்கை முடியும் வரை யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைத்தவர் அந்த இடைவெளியில் இறந்துபோனால் என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். துப்பாக்கி நிலையத்தில் இருப்பதால் ஒரு கவலை குறைவு. நடத்தை விதி முடிந்ததும் பழைய ரசீதைக் காட்டி வாங்கி வந்துவிடாதீர்கள். ரசீது அவர் பெயரில். இறப்பை எழுத்தில் தெரிவித்து, அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

22 ஏப்ரல் 2024

காத்திருக்கும் நேரத்தில் பயிற்சியை முடித்தேன். மாவட்ட ரைபிள் கிளப்பில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருடம் வீட்டில் இருந்த பொருள், அங்கே இருந்தவரை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவர் முதலில் கற்றுக்கொடுத்தது சுடுவதை இல்லை. யார் கையிலிருந்து வாங்கினாலும், "காலியாக இருக்கிறது" என்று அவர் சத்தியமே செய்தாலும், குழலைத் தரைக்குத் திருப்பி, ஒடித்துத் திறந்து, தோட்டா போடும் இரண்டு அறைக்குள்ளும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மற்றது. அதை எனக்கு அனிச்சையாக வரும் வரை செய்ய வைத்தார்.

அவர் சொன்ன இன்னொன்று, பழைய ஆங்கிலேயத் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும். பர்மிங்ஹாமில் செய்த பழைய 12 போர்களில் பெரும்பாலானவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், தோட்டா வணிகத்தில் 65 மில்லிமீட்டர் என்பார்கள். இன்று கடையில் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. உள்ளே சரியாகப் போய் உட்காரும், அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது கூடு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். தாத்தா காலத்துத் துப்பாக்கியை மீட்டதும் ஆசையில் சுட்டுப் பார்க்காதீர்கள். துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் அறையை அளந்து, குழலின் உட்பக்கத்தைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம். குழலின் மேல் மரத்தின் ரேகை போல வளைவு வளைவாகக் கோடு தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். அதில் இன்றைய தோட்டாவை வைக்கவே வேண்டாம்.

10 ஜூன் 2024

தம்பியின் கடிதம் வந்தது. அவருடைய அக்காவுக்கும் அவருக்கும் யார் பெயரில் என்பதில் மனத்தாங்கல். அப்பாவோடு தோட்டத்தில் நின்றது அக்கா, உயிலில் இருப்பது தம்பி. தம்பி இருப்பது சென்னையில்.

நான் வெளியாள். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். அக்கா அங்கேயே இருக்கிறார் என்றால் அக்கா மனு போடட்டும், நீங்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தத் துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள்? காவல் துறை அறிக்கையிலும் அந்தக் கேள்வி வரும். இதெல்லாம் உங்கள் அப்பா இருந்தபோதே முடித்திருக்கக்கூடிய விஷயம் என்பதுதான் எனக்கு வருத்தம். அதே 25ஆவது விதியில், உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முன்னால் வருகிறதோ அப்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அவருக்கு உரிமம் கேட்கலாம். என் கணவருக்கு அந்த 25 ஆண்டு எப்போதோ கடந்துவிட்டிருந்தது. அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. பெற்றோர் வைத்திருப்பவர்கள் இன்று இரவே சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுங்கள். சாவைப் பற்றிப் பேசுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டால் பரவாயில்லை, பேசுங்கள்.

29 செப்டம்பர் 2024

வனத்துறை இசைவு வந்தது. அதன் பிறகு வேகமாகவே நடந்தது. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண்ணோடு உரிமம் என் பெயரில் வந்திருக்கிறது. எண்ணில் கடைசி இலக்கம் 8 என்று இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்தேன். விற்பனையாளரிடமிருந்து எடுத்துக்கொண்டு வரும் வழியில் நிலையத்தில் காட்டிப் பதிவு செய்துகொண்டேன். பச்சை பூத்த பழைய தோட்டாக்களைத் திரும்பக் கேட்கவில்லை, அழித்துவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் மர அலமாரி வேண்டாம் என்று சுவரில் பதித்த இரும்புப் பெட்டி போட்டிருக்கிறேன். தோட்டாவுக்கு வேறு அறையில் வேறு பூட்டு. சாவி இருக்கும் இடம் எனக்கு மட்டும் தெரியும். உரிமம் இல்லாத பிள்ளைகளுக்கும் தெரியக்கூடாது.

2 அக்டோபர் 2024

"எங்கள் வீட்டில் யாருக்குமே வேண்டாம், என்ன செய்வது?" என்று கேட்டவருக்கு. அதுவும் நல்ல முடிவுதான், என் மகன் சொன்னதும் அதைத்தான். ஒப்படைத்த பிறகும் விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு. உரிமம் பெற்ற விற்பனையாளருக்கோ உரிமம் உள்ள வேறொருவருக்கோ விற்கலாம். முதலில் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு எழுதுங்கள்; மாநகரமானால் காவல் ஆணையர், மற்ற இடங்களில் ஆட்சியர். எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்ட கடிதமாக இருக்கட்டும். விற்றதும் வாங்கியவரின் உரிமத்தில் ஏறிய பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள். விலை பெரிதாகக் கிடைக்காது. வாங்க ஆள் இல்லை என்றால் அரசிடமே விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்குங்கள். பழைய உரிமப் புத்தகத்தையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது வீட்டில் கிடக்க வேண்டாம்.